கவுன்சில் கலையப்போகும் வேளையில் தலைமைப் பயிற்சியைக் கைவிடலாமா?

இங்கிலாந்தின் சரே கவுண்டியில் உள்ள ஒரு மாவட்டக் கவுன்சிலில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பணியாற்றும் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், வயது 41. வரவேற்பு மேசையில் வேலையைத் தொடங்கியவர், இன்று கவுன்சில் வரியையும் வீட்டு உதவித்தொகையையும் கவனிக்கும் பிரிவில் ஓர் அணியின் மேலாளர். 2025 செப்டம்பரில், ‘சீனியர் லீடர்’ எனப்படும் ஏழாம் நிலை அப்ரண்டிஸ்ஷிப்பில், அதாவது வேலை செய்தபடியே படிக்கும் முதுகலை மட்டப் பயிற்சியில், கவுன்சில் அவரைச் சேர்த்துவிட்டது. காலம் இரண்டு ஆண்டுகள்.

அவருடைய சிக்கல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. படிப்புக்கென வாரம் ஆறு மணி நேரம் தருவதாகச் சொன்ன துறைத்தலைவர், ஆள் பற்றாக்குறையைக் காட்டி, “வீட்டில் வைத்துப் படியுங்கள்” என்கிறார். இவரும் பிள்ளைகள் படுத்த பிறகு இரவு பத்து மணிக்குத்தான் கணினியைத் திறக்கிறார். முடித்த பின் இரண்டு ஆண்டுகளுக்குள் வேலையை விட்டால் 14,000 பவுண்டைத் திருப்பித் தர வேண்டும் என்று மனிதவளப் பிரிவு ஓர் ஒப்பந்தத்தை நீட்டியிருக்கிறது, இன்னும் கையெழுத்திடவில்லை. அவருடைய கவுன்சிலே 2027 ஏப்ரலில் இல்லாமற் போகிறது. இதற்கிடையே லண்டன் கவுன்சில் ஒன்றில், ஏஜென்சி வழியாக, கூடுதல் சம்பளத்தில் ஒரு தற்காலிக மேலாளர் பதவி காத்திருக்கிறது. “கூட்டங்களில் உங்கள் குரல் கேட்பதில்லை” என்று பயிற்சி வழிகாட்டி சொன்னது அவரை மிகவும் வருத்தியிருக்கிறது. “எம்.பி.ஏ. கிடைத்தால் துறைத்தலைவர் பதவி கிடைக்கும் என்று நம்பித்தான் சேர்ந்தேன். இப்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டு லண்டனுக்குப் போய்விடலாமா? நான் தமிழ்ப் பெண் என்பதால்தான் ஒதுக்கப்படுகிறேனா?” என்று கேட்டு முடிக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து பின்னோக்கி வருவதை விட, எந்த முடிவைத் திருப்ப முடியாதோ அதிலிருந்து தொடங்குவது நல்லது. இந்தப் பயிற்சியிலிருந்து விலகினால் அதே நிதியில் நீங்கள் மீண்டும் சேர முடியாது. 2026 ஜனவரி முதல் இங்கிலாந்தில் ஏழாம் நிலை அப்ரண்டிஸ்ஷிப்பில் புதிதாகச் சேர்பவர்களில் 16 முதல் 21 வயது வரை உள்ளவர்களுக்கே அரசு நிதி கிடைக்கிறது. பராமரிப்பு இல்லங்களில் வளர்ந்தவர்கள், கல்விக்கெனத் தனி ஆதரவுத் திட்டம் பெற்றவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் 24 வயது வரை இடமுண்டு. அதற்கு முன்பே தொடங்கிவிட்ட உங்களைப் போன்றவர்களுக்குப் படிப்பு முடியும்வரை நிதி தொடரும். “அரசு நிறுத்திவிட்டதாம், என்னுடையதும் பாதியில் நின்றுவிடும்” என்று நீங்கள் எழுதியிருப்பது ஆகவே சரியல்ல. உண்மையில் நிலைமை இதற்கு நேர்மாறானது. உங்களுக்குப் பின்னால் கதவு மூடப்பட்டுவிட்டது. நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். சலிப்பில் எழுதும் ஒரு விலகல் மின்னஞ்சல் அந்த இடத்தை நிரந்தரமாக இழக்கச் செய்யும்.

எம்.பி.ஏ. பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2018இல் இந்தப் பயிற்சி வந்தபோது முதுகலைப் பட்டமும் அதன் பகுதியாக இருந்தது. பின்னர் பட்டம் நீக்கப்பட்டது. ஒருவருக்கான நிதி உச்சவரம்பும் 18,000 பவுண்டிலிருந்து 14,000 ஆகக் குறைந்தது. சில பல்கலைக்கழகங்கள் பயிற்சியோடு எம்.பி.ஏ.வையும் கூடுதலாக இணைத்துத் தருகின்றன, ஆனால் அந்தக் கூடுதல் பகுதிக்கான கட்டணம் அப்ரண்டிஸ்ஷிப் நிதியிலிருந்து வராது. உங்கள் பயிற்சித் திட்ட ஆவணத்தில் எது இருக்கிறது என்று பாருங்கள். அதில் எம்.பி.ஏ. இல்லாவிட்டால் அதை எதிர்பார்த்து இரவுகளைக் கழிக்க வேண்டாம்.

கையெழுத்திடச் சொன்ன ஒப்பந்தம்

இதில் தயக்கமின்றிச் சொல்கிறேன்: இப்போதுள்ள வடிவில் கையெழுத்திடாதீர்கள். ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள் 2017 ஏப்ரல் முதல் அதில் 0.5 விழுக்காட்டை அப்ரண்டிஸ்ஷிப் வரியாகச் செலுத்தி வருகின்றன. உங்கள் பயிற்சிக்கான பணம் அந்தக் கணக்கிலிருந்துதான் போகிறது. அந்த நிதியை ஆளும் விதிகள், பயிற்சிக்கோ மதிப்பீட்டுக்கோ ஆகும் தகுதியுள்ள செலவில் எந்தப் பங்கையும் பயிலுநரிடம் கேட்கக்கூடாது என்கின்றன. படிப்பை முடித்தவருக்கும் பாதியில் விட்டவருக்கும் இது பொருந்தும் என்பதையும் சேர்த்தே சொல்கின்றன. மனிதவளப் பிரிவு உங்களை ஏமாற்ற நினைத்தது என்று நான் கருதவில்லை. வெளிப் பல்கலைக்கழகப் படிப்புகளுக்குக் கவுன்சில் தன் சொந்தப் பணத்தைக் கட்டும்போது பயன்படுத்தும் பழைய படிவத்தையே, தலைப்பை மட்டும் மாற்றி உங்களிடம் தந்திருப்பார்கள். இதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்காதீர்கள். மேலே சொன்ன கூடுதல் எம்.பி.ஏ. கட்டணத்தைக் கவுன்சில் தன் கையிலிருந்து தந்திருந்தால், அந்தத் தொகைக்கு மட்டும் திருப்பிச் செலுத்தும் நிபந்தனை செல்லுபடியாகக்கூடும். ஆகவே உங்கள் பதில் முரட்டு மறுப்பாக இல்லாமல் ஒரு கேள்வியாக இருக்கட்டும்: “இந்த 14,000 பவுண்டில் அப்ரண்டிஸ்ஷிப் கணக்கிலிருந்து செலுத்தப்படுவது எவ்வளவு? நிதி விதிகளின்படி அந்தப் பகுதியை என்னிடம் கேட்க முடியுமா என்பதைப் பயிற்சி நிறுவனத்திடம் உறுதிப்படுத்தித் தரவும்.” இந்த இரண்டு வாக்கியங்களை மின்னஞ்சலில் அனுப்பினால் போதும். பெரும்பாலும் அந்தப் படிவம் சத்தமில்லாமல் திரும்பப் பெறப்படும். எழுத்து மூலமான உங்கள் முன்சம்மதமோ, ஒப்பந்தத்திலோ சட்டத்திலோ அதற்கான இடமோ இல்லாமல் சம்பளத்தில் பிடித்தம் செய்ய 1996ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம் இடமளிப்பதில்லை. கையெழுத்தைத் தள்ளிப்போடுவதில் உங்களுக்கு ஆபத்தில்லை. போட்டுவிட்டு விவாதிப்பதுதான் கடினம்.

படிப்புக்கான நேரம்

துறைத்தலைவரும் நீங்களும் “வாரம் ஆறு மணி நேரம்” என்று பேசிக்கொள்கிறீர்கள். அது 2022 ஆகஸ்டில் வந்த கணக்கு. அதற்கும் முன்னர் வேலை நேரத்தில் 20 விழுக்காடு என்று இருந்தது. 2025 ஆகஸ்ட் முதல் தொடங்கியவர்களுக்கு, ஒவ்வொரு பயிற்சித் தரத்துக்கும் இவ்வளவு மணி நேரம் என்று குறைந்தபட்ச மொத்தம் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் செப்டம்பரில் சேர்ந்தவர். ஆகவே உங்களுக்குரிய எண், நீங்களும் கவுன்சிலும் பயிற்சி நிறுவனமும் கையெழுத்திட்ட பயிற்சித் திட்ட ஆவணத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். “வாரா வாரம் ஆறு மணி தருகிறீர்களா இல்லையா” என்ற வாதம் ஆள் பற்றாக்குறையில் போய் முட்டி நிற்கும். “மொத்தத்தில் இவ்வளவு மணி, இதுவரை வேலை நேரத்தில் கிடைத்தது இவ்வளவு, மீதியை எந்த மாதங்களில் தருகிறீர்கள்” என்ற கேள்விக்கு அட்டவணையைத்தான் பதிலாகத் தர முடியும். கவுன்சில் வரிப் பிரிவில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஆண்டுக் கட்டணச் சீட்டுகள் அச்சாகி வெளியேறும் வாரங்களில் எவரும் விடுப்புக் கேட்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். அந்த வாரங்களை விட்டுக்கொடுத்து, கோடையில் முழு நாட்களாக வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்ட நிலை தெளிவானது. இந்த நேரம் சம்பளத்தோடு கூடிய வேலை நேரத்துக்குள் அமைய வேண்டும். வேலை நேரத்துக்கு வெளியே பயிற்சி நடந்தால் அதற்கு ஈடான விடுநேரமோ ஊதியமோ தர வேண்டும். நீங்கள் இரவில் படித்ததையெல்லாம் கவுன்சில் தந்த நேரமாகப் பதிவேட்டில் எழுதிவிடாதீர்கள். விசுவாசமாகத் தோன்றும் அந்தப் பழக்கம் உங்கள் கோரிக்கையின் ஒரே ஆதாரத்தை அழித்துவிடும். தணிக்கை வந்தால் கவுன்சிலுக்கும் அதனால் தலைவலிதான்.

இதைப் பேசுவதற்குரிய இடம், நீங்களும் மேலாளரும் பயிற்சி நிறுவனமும் குறிப்பிட்ட இடைவெளியில் கூடும் முன்னேற்ற மதிப்பாய்வுக் கூட்டம். அங்கே சொல்வது குறிப்பில் ஏறும். பயிற்சி நிறுவனத்துக்கும் இதில் அக்கறை உண்டு, ஏனென்றால் நேரம் தரப்படாத பயிலுநருக்கு அது நிதி பெற முடியாமற் போகலாம்.

கவுன்சில் கலைவதும் லண்டன் பதவியும்

சரேயின் பதினொரு மாவட்டக் கவுன்சில்களும் கவுண்டி கவுன்சிலும் கலைந்து, 2027 ஏப்ரலில் கிழக்கு சரே, மேற்கு சரே என இரண்டு கவுன்சில்களாகின்றன. உங்கள் அலுவலகக் கட்டடத்தின் பெயர்ப்பலகை மாறும் என்பதாலேயே உங்கள் வேலை ஒப்பந்தம் முடிந்துவிடுவதில்லை. இத்தகைய மறுசீரமைப்புகளில் ஊழியர்கள், டூப்பி (TUPE) எனப்படும் 2006ஆம் ஆண்டின் விதிகள் தரும் பாதுகாப்போடு, பணிக்கால நிபந்தனைகள் மாறாமல் புதிய கவுன்சிலுக்கு மாற்றப்படுகிறார்கள். பன்னிரண்டு கவுன்சில்கள் இரண்டாகும்போது பன்னிரண்டு தலைமை நிர்வாகிகள் தேவையில்லை என்பதால் வெட்டு முதலில் விழுவது உச்சிப் பதவிகளில். வரி வசூலிக்கும் அணிகளை முதல் நாளே கலைக்க எந்தப் புதிய கவுன்சிலும் துணியாது. பிந்திய ஆண்டுகளில் ஆட்குறைப்பு வராது என்று உறுதி தர என்னால் முடியாது.

வந்தாலும் கணக்கு உங்கள் பக்கம் இருக்கிறது. பயிலுநர் ஒருவர் ஆட்குறைப்பில் வேலையிழக்கும்போது, பயிற்சியில் 75 விழுக்காடு முடிந்திருந்தாலோ ஆறு மாதங்களோ அதற்குக் குறைவாகவோ மீதமிருந்தாலோ, வேலை வழங்குநர் இல்லாமலே முடிக்கும்வரை நிதி தொடரும். 2025 செப்டம்பரில் தொடங்கிய 24 மாதப் பயிற்சியில் 2027 மார்ச் இறுதிக்குள் 19 மாதங்கள் கடந்திருக்கும். இடையில் நீண்ட இடைவெளி எடுக்காதீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

லண்டன் பதவியைப் பற்றி நீங்கள் எழுதியதில் ‘ஏஜென்சி’ என்ற ஒரு சொல்தான் என்னை நிறுத்தியது. ஒரு கவுன்சிலிலிருந்து இன்னொன்றுக்கு, ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளியின்றி நேரடி ஊழியராக மாறினால், 1999ஆம் ஆண்டின் ஆணைப்படி ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு உங்கள் இருபது ஆண்டுப் பணிக்காலம் தொடர்ச்சியாகவே எண்ணப்படும். ஏஜென்சி வழியாகப் போனால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். உள்ளாட்சி ஓய்வூதியத் திட்டத்தில் சேமிப்பதும் நிற்கும். நாட்கூலி கண்ணைப் பறிக்கும்தான். விடுமுறைக்கும் நோய்க்கும் ஓய்வூதியத்துக்கும் உரியதைக் கழித்துவிட்டு ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். அப்ரண்டிஸ்ஷிப்பை உடன் எடுத்துச் செல்வதும் எளிதன்று. புதிய வேலை வழங்குநர் அதை ஏற்று, புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, தலைமைப் பணிக்கான வாய்ப்பையும் தர வேண்டும். ஆறு மாதத் தற்காலிக மேலாளருக்காக அந்தச் சிரமத்தை எடுக்க அவர்களுக்குக் காரணமில்லை. அதே லண்டன் கவுன்சில் நிரந்தரப் பதவியைத் தந்து, பயிற்சியைத் தொடரவும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் என் கருத்து மாறும்.

தலைமைத்துவம் எங்கே கற்றுக்கொள்ளப்படுகிறது

இனி, கடிதத்தில் நீங்கள் அதிகம் வருந்திய இடத்துக்கு வருகிறேன். “அறிக்கையை நான் எழுதுகிறேன், கேபினெட்டில் அதைப் பேசுவது துறைத்தலைவர், நான் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறேன்” என்கிறீர்கள். குரலை உயர்த்தப் பழகுவதற்கான வகுப்பு உங்களுக்குத் தேவை என்று நான் நினைக்கவில்லை. கவுன்சில் என்பது ஒரு தனியார் நிறுவனம் போன்றதல்ல. முடிவெடுப்பவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்கள், அலுவலர்கள் ஆலோசனை சொல்பவர்கள். அந்த ஆலோசனையை, அவர்களுக்குப் பிடிக்காதபோதும், மறைக்காமல் எழுதிக் கையெழுத்திடுவதில்தான் ஓர் அலுவலரின் தலைமைத்துவம் பெரும்பாலும் வெளிப்படுகிறது. உங்கள் கவுண்டியிலேயே, 2023 ஜூனில் வோக்கிங் கவுன்சிலின் நிதிக்குப் பொறுப்பான அலுவலர் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 114ஆம் பிரிவின் கீழ் அறிவித்தல் வெளியிட்டார். கைவசமுள்ள வளத்துக்குள் செலவு அடங்காது என்று எழுத்தில் சொல்லும் ஆவணம் அது. அந்த நிலைக்கு வருமுன் ஆண்டு ஆண்டாக வாக்களிக்கப்பட்ட முதலீட்டு அறிக்கைகளில் ‘ஆபத்துகள்’ என்ற பத்தி எப்படி எழுதப்பட்டிருந்தது என்பதைப் பயிற்சி வகுப்பில் எவரும் ஆராயச் சொல்லாவிட்டாலும் நீங்களாகவே படித்துப் பாருங்கள். வழக்கறிஞர் என்பதால் காகிதத்துக்கு நான் கூடுதல் மதிப்புத் தருகிறேன் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

உங்கள் இறுதி மதிப்பீட்டில் ஒரு மூலோபாய முன்மொழிவை எழுதி, அதை விளக்கிப் பேசிக் கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டியிருக்கும். ‘பணியாளர் நலன்’ பற்றி எழுத எண்ணியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அதைவிடச் சிறந்த பொருள் உங்கள் மேசையிலேயே இருக்கிறது. 2013 ஏப்ரல் முதல் வேலை செய்யும் வயதினருக்கான கவுன்சில் வரித் தள்ளுபடித் திட்டத்தை ஒவ்வொரு மாவட்டக் கவுன்சிலும் தனித்தனியே வகுத்து வருகிறது; ஓய்வூதிய வயதினருக்கு மட்டுமே நாடு முழுதும் ஒரே விதி. கவுன்சில்கள் இணையும்போது இந்தத் திட்டங்கள் எல்லாம், உடனடியாகவோ சிறிது அவகாசத்தின் பின்னரோ, ஒன்றாக வேண்டும். வருமானம் குறைந்த ஒரு குடும்பம் இந்தத் தெருவில் எவ்வளவு கட்டுகிறது, மாவட்ட எல்லை தாண்டி அடுத்த தெருவில் எவ்வளவு என்று உங்கள் அணியைத் தவிர வேறு யாருக்குத் துல்லியமாகத் தெரியும்?

இந்த வேலை உங்களைப் பின்வரிசையிலிருந்து எழுப்பும். பிற மாவட்டங்களில் இதே பதவியில் உள்ளவர்களை நீங்கள்தான் அழைத்துப் பேச வேண்டும்; அவர்கள் எவரும் உங்களுக்குக் கீழே பணியாற்றுபவர்கள் அல்லர் என்பதால் அதிகாரத்தால் அல்லாமல் இணங்கவைத்தே நடத்த வேண்டும். தாராளமான திட்டத்தை எல்லோருக்கும் விரிப்பதா, இறுக்கமானதை எல்லோருக்கும் பொருத்துவதா, இடைப்பட்ட ஒன்றா, அதற்கான பணம் எங்கிருந்து வரும், யார் இழப்பார்கள் என்று மூன்று தெரிவுகளை எழுத வேண்டும். சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவுப்படி பாதிப்பு மதிப்பீடு வேண்டும். மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். அங்கே 2014இல் உச்ச நீதிமன்றம் ஹாரிங்கே கவுன்சில் வழக்கில் தந்த தீர்ப்பை நீங்கள் கையில் வைத்திருக்க வேண்டும். இதே தள்ளுபடித் திட்டம் குறித்த கருத்துக்கேட்பில், வரியை உயர்த்துவது, சேவையைக் குறைப்பது, சேமிப்பை எடுப்பது போன்ற மாற்று வழிகளை மக்களுக்குச் சொல்லாமல் விட்டதால் அந்தக் கருத்துக்கேட்பு சட்டத்துக்குப் புறம்பானது என்று நீதிமன்றம் கூறியது. ஒரு கவுன்சிலர் “இதை இப்படித்தான் செய்யப் போகிறோம், சும்மா கேட்டுவையுங்கள்” என்று சொல்லும்போது அந்தத் தீர்ப்பை மென்மையாக எடுத்துக்காட்டும் அலுவலரை எவரும் குரலற்றவர் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆகவே மதிப்பாய்வுக் கூட்டத்தில் நேரத்தோடு இன்னும் இரண்டைக் கேளுங்கள்: மறுசீரமைப்பின் வருவாய்ப் பிரிவுப் பணிக்குழுவில் ஓர் இடம், உங்கள் அடுத்த அறிக்கையை, கேபினெட்டின் முடிவுகளை ஆராயும் கவுன்சிலர்களின் ஸ்க்ரூட்டினி குழுவில் நீங்களே விளக்கும் வாய்ப்பு. கேபினெட்டை விட ஸ்க்ரூட்டினியில் கேள்விகள் கடுமையாக இருக்கும், ஆனால் அங்கே தடுமாறினால் முடிவு எதுவும் கவிழ்ந்துவிடாது. பழகுவதற்கு ஏற்ற இடம்.

இதையெல்லாம் செய்தாலும் துறைத்தலைவர் பதவி சான்றிதழோடு சேர்ந்து வராது. புதிய கவுன்சிலில் அந்தப் பதவிகளுக்குப் பல மாவட்டங்களின் அனுபவசாலிகள் போட்டியிடுவார்கள். அவர்களிடையே உங்களைத் தனித்துக் காட்டப்போவது, அவர்கள் எல்லோருடைய திட்டங்களையும் ஒன்றாக்கிய அந்த அறிக்கை. உயர்பதவிகளில் சில 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அரசியல் தடைக்கு உட்பட்டவை என்பதையும் நினைவில் வைத்திருங்கள். கட்சி மேடையில் பேசுவதோ கவுன்சிலர் வேட்பாளராக நிற்பதோ அப்போது இயலாது. உங்கள் ஊர்ச் சங்க வேலையை அது பெரும்பாலும் தொடாது.

“தமிழ்ப் பெண் என்பதால்தானா?”

இருக்கலாம். உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வது பொறுப்பற்றதாகும். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் கீழ் நேரடிப் பாகுபாட்டை நிறுவ, உங்கள் நிலையை ஒத்த இன்னொருவர் எப்படி நடத்தப்பட்டார், அல்லது எப்படி நடத்தப்பட்டிருப்பார் என்ற ஒப்பீடு வேண்டும். கடிதத்தின் நடுவே, இதே பயிற்சியில் சேர்ந்த திட்டமிடல் துறைச் சகபணியாளருக்கு வெள்ளிக்கிழமைகள் முழுதும் ஒதுக்கப்பட்டிருப்பதாக ஒரு வரி எழுதிக் கடந்துவிட்டீர்கள். அவருக்கு வேறு மேலாளர் என்றால் ஒப்பீடு வலுவிழக்கும். அதே மேலாளர் என்றால் அந்த வரி மிக முக்கியமானது. நேரம் மறுக்கப்பட்ட தேதிகளையும் சொல்லப்பட்ட காரணங்களையும் இன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்குங்கள். தீர்ப்பாயத்துக்குப் போவதற்கான காலவரம்பு நெடுங்காலமாக மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக இருந்து வந்தது. 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் அதை ஆறு மாதமாக்க வழிசெய்கிறது. உங்கள் சம்பவத் தேதிக்கு எது பொருந்தும் என்பதை வேலைத் தகராறுகளில் ஆலோசனை தரும் பொது அமைப்பான ஏகாஸின் (Acas) இலவசத் தொலைபேசிச் சேவையில் கேட்டுக்கொள்ளுங்கள். குறுகிய வரம்பையே மனதில் வைத்து நடப்பது பாதுகாப்பானது.

யூனிசன் தொழிற்சங்கத்தில் உறுப்பினராக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மதிப்பாய்வுக் கூட்டத்துக்குத் தொழிற்சங்கப் பிரதிநிதியை அழைத்துச் செல்லும் சட்ட உரிமை உங்களுக்கு இல்லை. அழைத்தால் அந்தக் கூட்டத்தின் இயல்பே மாறிவிடும் என்பதால் நானும் பரிந்துரைக்கவில்லை. ஆனால் அட்டவணை கேட்டு நீங்கள் அனுப்பும் மின்னஞ்சலுக்கு நியாயமான காலத்துக்குள் பதில் வராமல், முறையான புகார் கொடுக்க நேர்ந்தால், அந்த விசாரணைக்கு அவரை உடன் அழைத்துச் செல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒப்பந்தப் படிவத்தின் பிரதியையும் பயிற்சித் திட்ட ஆவணத்தையும் இப்போதே அவரிடம் காட்டி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் வழக்கறிஞர்